எர்னான் கிரெஸ்போவின் கரைகள்

2002 ஆகஸ்ட் 31. இத்தாலிய உதைபந்தாட்டக் கழகங்கள் வீரர்களை வாங்கவும் விற்கவும் அந்தக் கோடையில் அதுதான் கடைசி நாள். உரோமின் லாட்சியோ கழகம் கடனில் அமிழ்ந்துகொண்டிருந்தது. அதன் உரிமையாளர் செர்ஜியோ கிரான்யோத்தியின் சீரியோ உணவு நிறுவனம் சரியத் தொடங்கியிருந்தது. அன்றைக்கு லாட்சியோ தன் அணித் தலைவர் அலெஸ்ஸாந்திரோ நெஸ்தாவை ஏசி மிலானுக்கு விற்றது. ஆர்ஜென்டீனா முன்கள வீரர் எர்னான் கிரெஸ்போவை இன்டர் மிலானுக்கு விற்றது. இன்டரில் ஓர் இடம் காலியாக இருந்ததற்கும் காரணம் உண்டு. அதே நாளில் பிரேசிலின் ரொனால்டோ அங்கிருந்து ரியல் மட்ரிட்டுக்குப் போய்விட்டார். ஒரே நாளில் மூன்று பெரிய ஆட்டக்காரர்கள் சட்டை மாற்றினார்கள். மூவரில் கிரெஸ்போவைப் பற்றித்தான் பிற்பாடு 'எந்தக் கழகத்திலும் நிலைக்காதவர்' என்று எழுதினார்கள்.

அப்படி எழுதியவர்களோடு எனக்கு நெடுநாளாக ஒரு வழக்கு இருக்கிறது.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2000 ஜூலையில், இதே லாட்சியோதான் அவரைப் பார்மாவிடமிருந்து வாங்கியது. மூன்றரைக் கோடி ஸ்டெர்லிங் பவுணுக்கும் சற்று மேல். அதன் ஒரு பகுதியாக இரண்டு ஆட்டக்காரர்களையும் கொடுத்தது. அன்று உலகத்தில் ஓர் ஆட்டக்காரனுக்குக் கொடுக்கப்பட்ட ஆகக்கூடிய விலை அது. அந்த மாதமே ஃபிகோவை வாங்கிய மட்ரிட் அதைத் தாண்டிவிட்டது. கிரெஸ்போ வந்த முதற் பருவத்தில் 26 கோல் போட்டார். இத்தாலியில் அந்த வருடம் வேறு யாரும் அவ்வளவு போடவில்லை. கொடுத்த காசுக்குப் பழுதில்லாமல் வேலை செய்தவரைத்தான் கடன்காரருக்குப் பயந்து விற்றார்கள். அவர் லாட்சியோவை விட்டுப் போனார் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை. லாட்சியோதான் அவரைக் கைவிட்டது.

அவர் அணிந்த சட்டைகளை வரிசையாகச் சொன்னால் மூச்சு வாங்கும். புவனோஸ் அயர்ஸின் ரிவர் பிளேட், பார்மா, லாட்சியோ, இன்டர், லண்டனின் செல்சி, ஏசி மிலான், மறுபடி செல்சி, மறுபடி இன்டர், ஜெனோவா, கடைசியில் மறுபடி பார்மா. 1993இல் தொடங்கி 2012இல் முடிந்த ஆட்ட வாழ்வு. இந்த வரிசையைப் பார்க்கிறவருக்குக் காசுக்கு ஓடிய ஒருவரின் வழித்தடமாகத் தெரியலாம். கழகங்களின் கணக்குப் புத்தகங்களைக் கூடவே வைத்துப் பார்த்தால் வேறு விதமாகத் தெரியும். பார்மாவை நடத்தியது பால் பொருள் விற்கும் பார்மலாட். 2003 டிசம்பரில் அந்த நிறுவனம் நொறுங்கியபோது கணக்கில் காணாமற்போன தொகை ஏறத்தாழ 1,400 கோடி யூரோ. ஐரோப்பா கண்ட மிகப் பெரிய நிறுவன மோசடிகளில் ஒன்று. அதன் அதிபர் கலிஸ்தோ தான்சி சிறை போனார். சீரியோவும் வீழ்ந்தது. தக்காளி அடைத்து விற்றவரும் பால் அடைத்து விற்றவரும் தொண்ணூறுகளில் உதைபந்தாட்டத்தில் கொட்டிய காசு, உண்மையில் இல்லாத காசு. அந்தக் காசால் வாங்கப்பட்டவர்கள், அது இல்லை என்று தெரிந்தபோது முதலில் விற்கப்பட்டார்கள். செல்சியின் கதை நேர்மாறு. 2003 கோடையில் ரோமன் அப்ரமோவிச் அதை வாங்கி, ஒரே வெயிற்காலத்தில் ஒரு புதிய அணியையே விலைக்கு எடுத்தார். இன்டர் வாங்கி ஒரு வருடந்தான் ஆகியிருந்த கிரெஸ்போ அதில் அகப்பட்டார். விலை 1 கோடியே 68 லட்சம் பவுண்.

நான் இதை இலங்கையின் உடப்பிலிருந்து எழுதுகிறேன். சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில் பத்துளுஓயாச் சந்தியில் இறங்கிக் கடற்பக்கம் திரும்பினால் எங்கள் ஊர் வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் செய்தி. இந்தக் கரை நெடுகிலும் ஒரு காலத்தில் தமிழ் பேசிய பல ஊர்கள் இன்று சிங்களம் பேசுகின்றன. உடப்பு தன் பேச்சை விடவில்லை. ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் தீமிதிப்பு நடக்கும்போது எங்கிருந்தாலும் ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று நினைக்காத உடப்பான் இல்லை.

வந்துவிட வேண்டும் என்ற அந்த நினைப்பிலேயே தெரியும், போனவர்கள் அதிகம் என்று. கரைவலை இந்த ஊரின் பழைய தொழில். வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டு, கரையில் இரு பக்கமும் ஆட்கள் நின்று அம்பாப் பாட்டுப் பாடி இழுப்பார்கள். பின்னாளில் பல கரைகளில் உழவு இயந்திரம் கயிற்றைச் சுற்றி இழுக்க வந்தது. பாட்டுக்கு வேலையில்லாமற் போனது. தென்மேற்குக் காற்று வலுத்து இந்தக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே வலை போட முடியாது. அப்போது மேற்குக் கரை மீனவர் கிழக்குக் கரைக்குப் போவார்கள். அங்கே கடல் அந்த மாதங்களில் அமைதியாக இருக்கும். கரையோரம் ஓலை வாடி போட்டுக்கொண்டு மாதக் கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். பங்கு பிரித்து, காற்று மாறியதும் திரும்புவார்கள். முற்பணம் கொடுத்த சம்மாட்டி எந்தக் கரைக்குப் போகிறாரோ அந்தக் கரைக்கு ஆட்களும் போவார்கள். அடுத்த வருடம் வேறு சம்மாட்டி, வேறு கரை என்று ஆகலாம். போர்க்காலத்தில் அந்தக் கிழக்குப் பாதை அடைபட்டுக் கிடந்தது. அதற்கு முன்னும் பின்னும், ஒரே வாடியில் இருந்தாயா, இல்லையா என்று யாரும் ஒருவனைத் தரம் பிரித்ததில்லை. வலையை ஒழுங்காக இழுத்தானா, மற்றவன் கை சோர்ந்த நேரம் தோள் கொடுத்தானா என்றுதான் பார்ப்பார்கள். கிரெஸ்போவை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

எங்களுக்குத் தெற்கே வென்னப்புவ, மாரவில, சிலாபம் பக்கத்துக் கரையில் இத்தாலிக்குப் போகாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியிலிருந்து அந்தப் போக்கு. சிலர் மீன்பிடிப் படகிலேயே போனார்கள். மிலான் நகரில் இன்று பெரியதொரு இலங்கைச் சமூகம் வாழ்கிறது: வீட்டு வேலை, முதியோர் பராமரிப்பு, சமையலறை வேலை. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டியில் நீலமும் கறுப்புமான இன்டர் சட்டை வரும், சிவப்பும் கறுப்புமான மிலான் சட்டை வரும். கிரெஸ்போ இரண்டையும் போட்டவர். ஒரே நகரத்தின் இரண்டு பகையாளிக் கழகங்களுக்கும் ஆடியதற்காக அவரை இத்தாலியில் ஏசியவர்கள் உண்டு. அந்த நகரத்தில் காலையில் ஒரு வீட்டிலும் மாலையில் இன்னொரு வீட்டிலும் தரை துடைக்கும் எங்கள் கரைப் பெண்களுக்கு அந்த ஏச்சு எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன்.

முன்கள வீரனின் தொழிலை நெருங்கிப் பார்த்தால் ஊர் மாறுவது எத்தனை கடினம் என்று புரியும். பின்களத்தில் நிற்பவன் தன் இடத்தைக் காத்தால் போதும். கோல் காப்பாளனுக்கு அவனுடைய கம்பங்கள் எங்கும் ஒரே அகலந்தான். முன்களத்தில் நிற்பவனோ மற்றவர்கள் தரும் பந்தில் வாழ்பவன். பந்து வருவதற்கு முன்பே அது எங்கே வரும் என்று அறிந்து அவ்விடத்தை நோக்கி ஓடியிருக்க வேண்டும். பந்து தருகிறவன் தலையை உயர்த்துகிற விதம், எந்தக் காலால் தருவான், எவ்வளவு தாமதித்துத் தருவான் என்பதெல்லாம் உடம்பில் ஊறியிருக்க வேண்டும். கழகம் மாறும்போது அத்தனையும் அழிந்துபோகும். முதல் எழுத்திலிருந்து கற்க வேண்டும். கிரெஸ்போ எதிராளிகளை வரிசையாக ஏமாற்றி ஓடும் ஆட்டக்காரர் அல்ல. மரடோனாவின் காலும் மெஸ்ஸியின் காலும் அவருக்கு இல்லை. அவருடைய திறன் முழுவதும் பந்து இல்லாத நேரத்தில் நடந்தது. காவலாளியின் முதுகுப் பக்கம் ஓர் அடி, பிறகு திடீரென்று கம்பத்தின் முன்னால் ஒரு வெட்டு. தொலைக்காட்சி பந்தைப் பின்தொடர்வதால் அந்த ஓட்டங்களைக் காட்டாது. கோல் விழுந்த பிறகுதான் அவர் அங்கே எப்படி வந்தார் என்ற கேள்வி எழும்.

1996இல் பார்மாவுக்குப் போனபோது அவருக்கு இருபத்தொரு வயது. அந்த வருடந்தான் ரிவர் பிளேட்டுக்காகத் தென்னமெரிக்கக் கழகக் கிண்ணமான லிபெர்தடோரெஸ் இறுதியில் கொலம்பியாவின் அமெரிக்கா டி காலிக்கு எதிராக இரண்டு கோல் போட்டுக் கிண்ணம் வாங்கிக் கொடுத்திருந்தார். அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஆறு கோல், வெள்ளிப் பதக்கம். அப்படி வந்தவருக்கு இத்தாலியில் முதல் மாதங்கள் வறண்டு கிடந்தன. சொந்த ரசிகர்களே விசிலடித்து இகழ்ந்தார்கள். பயிற்றுநர் கார்லோ அன்செலொத்தி மட்டும் அவரை வெளியே எடுக்க மறுத்தார். அந்தப் பருவம் முடியும்போது கிரெஸ்போவின் கணக்கில் லீக்கில் 12 கோல். பார்மா யுவென்டஸுக்கு இரண்டு புள்ளி பின்னால் இரண்டாம் இடம். 1999 மே 12, மாஸ்கோவில் நடந்த யூஈஎஃப்ஏ கிண்ண இறுதியில் மார்செய்க்கு எதிராக முதற் கோல் அவருடையது. பார்மா 3-0 என்று வென்றது. இரண்டு தடவையும் சேர்த்து அந்தக் கழகத்துக்கு அவர் போட்டவை 94. பார்மாவின் வரலாற்றில் அதைத் தாண்டியவர் இல்லை. நிலைக்காதவர் என்று சொல்லப்பட்டவர்தான் ஒரு சிறுநகரக் கழகத்தின் பட்டியலில் முதலிடத்தில் நிற்கிறார்.

இனி இஸ்தான்புல்.

2005 மே 25. ஐரோப்பிய சாம்பியன் கிண்ண இறுதி, ஏசி மிலானும் லிவர்பூலும். எங்களுக்கு அது நள்ளிரவு தாண்டிய நேரம். செல்சி கிரெஸ்போவை ஒரு வருடத்துக்கு மிலானிடம் இரவல் கொடுத்திருந்தது. இறுதிக்கு வரும் வழியில் மன்செஸ்டர் யுனைடெட்டை மிலான் இரண்டு ஆட்டத்திலும் 1-0 என்று வென்றது. இரண்டு கோலும் அவர் போட்டவை. இறுதியில் முதல் நிமிடத்திலேயே மிலானின் மால்தினி ஒரு கோல் போட்டார். 39ஆம் நிமிடத்தில் ஷெவ்சென்கோ வலப்பக்கமிருந்து குறுக்கே தந்த பந்தைக் கிரெஸ்போ உள்ளே தள்ளினார். 44ஆம் நிமிடம் வந்தது. ககா மைதான நடுவில் ஒரே திரும்பலில் ஜெராடைக் கழித்துவிட்டு, தரையோடு தரையாக நீண்ட பந்தொன்றை லிவர்பூல் பின்களத்தைப் பிளந்து அனுப்பினார். கிரெஸ்போ அந்தப் பந்து கிளம்புவதற்கு முன்பே கிளம்பியிருந்தார். ஓடிய வேகத்தைக் குறைக்கவில்லை, பந்தை நிறுத்தவுமில்லை. முன்னே பாய்ந்து வந்த கோல் காப்பாளர் டூடெக்கின் தலைக்கு மேலாக முதற் தொடுகையிலேயே அதைத் தூக்கிவிட்டார். பந்து மெதுவாகப் போய் விழுந்தது. ஓர் இறுதியாட்டத்தில் இதைவிட அழகான கோலை நான் பார்த்ததில்லை. பந்து தந்தவரும் பெற்றவரும் ஒன்றாக ஆடத் தொடங்கி ஒரு வருடங்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

இடைவேளையில் 3-0. அதன் பிறகு நடந்தது உலகத்துக்கே தெரியும். 54, 56, 60ஆம் நிமிடங்களில் லிவர்பூல் மூன்று கோல் போட்டது. 85ஆம் நிமிடத்தில் கிரெஸ்போ வெளியே எடுக்கப்பட்டார். தொமாசன் உள்ளே வந்தார். மேலதிக நேரத்திலும் கோல் இல்லை. பெனல்டியில் மிலான் தோற்றது. பெனல்டி உதைக்கக்கூட அவர் மைதானத்தில் இல்லை. வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரவைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள், படங்கள் வந்துவிட்டன. எல்லாம் இடைவேளைக்குப் பிறகு தொடங்குகின்றன. தோற்ற அணிக்காக ஐரோப்பிய இறுதியில் இரண்டு கோல் போட்டவர், தோல்வியோடு சேர்த்து அடக்கம் செய்யப்பட்டார். மிலான் அவரைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவுமில்லை. செல்சிக்குத் திரும்பினார். 2005 ஆகஸ்ட் 14, புதிதாக முதற்பிரிவுக்கு வந்திருந்த விகன் கழகத்தின் மைதானம். ஆட்டம் 0-0 என்று முடியும் தறுவாயில் தூரத்திலிருந்து வளைத்து அடித்த ஒரு கோலால் செல்சியை வெல்ல வைத்தார். இஸ்தான்புல் முடிந்து மூன்று மாதம் ஆகவில்லை. அந்தப் பருவம் செல்சி லீக் சாம்பியன். அடுத்த மூன்று பருவமும் இன்டர் சட்டையில் ஆடினார். மூன்றிலும் இன்டர் இத்தாலிய சாம்பியன்.

நிலைத்து நின்றவரோடு ஒப்பிட்டே அவரை எப்போதும் சிறிதாக்கினார்கள். அந்த ஒப்பீட்டின் பெயர் கபிரியேல் பத்திஸ்தூதா. ஃபியோரெந்தினா இரண்டாம் பிரிவுக்கு விழுந்தபோதும் விட்டுப் போகாமல் இருந்தவர். புளோரன்ஸ் ரசிகர்கள் அவருக்கு வெண்கலச் சிலை செய்தார்கள். நானும் பத்திஸ்தூதாவை நேசிப்பவன்தான். ஆனால் அவருங்கூட இத்தாலிய சாம்பியன் பட்டம் காண 2000இல் உரோமுக்குப் போக வேண்டியிருந்தது. கடைசியில் கட்டாரின் அல் அரபியில் ஆடி முடித்தார். ஆர்ஜென்டீனா அணியில் ஒன்பதாம் இலக்கச் சட்டைக்கு இருவரும் உரியவர்கள். 1998இலும் 2002இலும் பயிற்றுநர்கள் பத்திஸ்தூதாவையே முன்னிறுத்தினார்கள். 1998இல் இங்கிலாந்துக்கு எதிரான பெனல்டி உதையில் கிரெஸ்போவின் பந்தைக் கோல் காப்பாளர் சீமன் தடுத்தார். ஆர்ஜென்டீனா எப்படியோ வென்றது. 2002இல் சுவீடனுக்கு எதிராக ஒர்தேகாவின் பெனல்டி தடுக்கப்பட, திரும்பி வந்த பந்தைக் கிரெஸ்போ உள்ளே போட்டார். சமநிலைதான் கிடைத்தது. ஆர்ஜென்டீனா முதற் சுற்றிலேயே வீடு திரும்பியது.

2006இல், முப்பது வயது முடிந்த பிறகு, உலகக் கிண்ணம் ஒன்றில் அந்தச் சட்டை முழுதாக அவர் கைக்கு வந்தது. மூன்று கோல் போட்டார். எனக்கு அதைவிடப் பெரிது அவர் போடாத ஒரு கோல். ஜூன் 16, கெல்சன்கிர்ஷன், எதிரணி சேர்பியா மொன்டிநீக்ரோ. இருபதுக்கும் மேற்பட்ட கை மாறி வந்த பந்து பெட்டிக்குள் கிரெஸ்போவிடம் வருகிறது. கோல் போடுவதே தொழிலாகக் கொண்ட எவனும் அந்த இடத்தில் திரும்பி அடிக்கத்தான் பார்ப்பான். அவர் குதிகாலால் பின்னே தட்டிவிட்டார். பின்னால் வந்த கம்பியாசோ அடித்தார். உலகக் கிண்ண வரலாற்றின் மிக அழகான கோல்களில் ஒன்றாக அதைக் கம்பியாசோவின் பேரில் எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும். ஆர்ஜென்டீனாவுக்காகக் கிரெஸ்போ ஆடியது 64 ஆட்டம், போட்டது 35 கோல். மரடோனா போட்டதைவிட ஒன்று கூட.

அவருடைய ஆட்ட வாழ்வின் கடைசிப் பயணம் எங்கள் பக்கம் நோக்கியது என்பது பலருக்கு நினைவில்லை. 2012 ஜனவரியில் கொல்கத்தாவில் ஓர் ஏலம் நடந்தது. மேற்கு வங்கத்தில் புதிய லீக் ஒன்று தொடங்குவதாகச் சொல்லி, ஆட்டத்தின் அந்திக்கு வந்துவிட்ட உலக வீரர்களை ஏலத்தில் எடுத்தார்கள். ஆகக்கூடிய விலை கிரெஸ்போவுக்கு: 8 லட்சத்து 40 ஆயிரம் டொலர். எடுத்தது பாராசாத் அணி. கன்னவாரோ, பிரெஸ், ஃபவுலர் எல்லோரும் வேறு வேறு அணிகளுக்கு ஏலம் போனார்கள். பிப்ரவரி ஆரம்பத்தில் அவர் பார்மாவோடு இருந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார். லீக் பிற்போடப்பட்டது, மறுபடி பிற்போடப்பட்டது, கடைசிவரை நடக்கவேயில்லை. அந்த வருடக் கடைசியில் அவர் ஓய்வை அறிவித்தார். கடல் கடந்து வேலைக்கு என்று கூப்பிட்டு, வேலையே இல்லை என்று தெரியவருவது எங்கள் கரை மக்களுக்குப் புதிதல்ல. உலகக் கிண்ணங்கள் ஆடிய ஒருவருக்கும் அப்படி நடந்தது என்பதை அறிந்தபோது எனக்கு மிகுந்த துயரமாக இருந்தது.

எங்களவர்களில் பந்தின் பின்னே கடல் கடந்தவர்கள் இல்லாமலில்லை. எண்பதுகளில் இலங்கையின் பக்கீர் அலி டாக்காவின் அபஹானி கழகத்துக்கு ஆடப் போனார். பின்கள வீரர். பிற்காலத்தில் வங்கதேசக் கழகங்களுக்குப் பயிற்றுநரானார், 2018இல் இலங்கை அணிக்கும் பயிற்றுநராக வந்தார். டாக்காவில் அவரை இன்றும் நினைவில் வைத்திருக்கும் கிழவர்கள் உண்டு. இங்கே அவரைப் பற்றி ஒரு முழு நூல் இருக்க வேண்டும். புத்தளம் மாவட்டத்து மணல் மைதானங்களில் வெறுங்காலோடு ஆடும் பையன்களுக்குப் போக வழி சொல்லும் பெயர் அது. 2023இல் அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா இலங்கையை மாதக் கணக்கில் தடை செய்து வைத்தது. அந்த மாதங்களில் பதினெட்டு வயதாக இருந்தவனுக்கு இழந்ததை யார் திருப்பிக் கொடுப்பது?

கிரெஸ்போ பயிற்றுநரானதும் பழைய கதையே வேறு உடுப்பில் தொடர்ந்தது. 2014இல் பார்மாவின் இளையோர் அணியைப் பொறுப்பேற்றார். அந்தப் பருவத்திலேயே பார்மா இன்னொரு தடவை கடனில் முறிந்தது. மொதேனாவில் பருவம் முடியுமுன் நீக்கப்பட்டார். பான்ஃபீல்டிலும் நிலைக்கவில்லை. புவனோஸ் அயர்ஸின் தெற்குப் புறநகரில் டிஃபென்சா இ ஹுஸ்தீசியா என்ற சிறு கழகம் அவரை அழைத்தது. அதுவரை பெரிய கிண்ணம் எதையும் தொடாத கழகம். 2021 ஜனவரியில் லனூஸை 3-0 என்று வென்று தென்னமெரிக்காவின் இரண்டாம் கிண்ணமான சூடமெரிக்கானாவை எடுத்தது. சாவோ பாலோ அழைத்தது. எட்டு வருடத்துக்கும் மேலாக எதுவும் வெல்லாதிருந்த அந்தக் கழகத்துக்கு மாநிலச் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். கட்டாரின் அல் துஹைலுக்குப் போய் அந்த நாட்டு லீக்கை வென்றார். 2023 நவம்பரில் ஐக்கிய அரபு இராச்சியத்தின் அல் ஐன் கழகம் எடுத்துக்கொண்டது.

அடுத்த ஆறு மாதம் நடந்ததை வளைகுடாவில் வேலை செய்கிற எங்கள் ஆட்கள் எனக்கு நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆசிய சாம்பியன் கிண்ணக் காலிறுதியில் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் அல் நாஸரை அல் ஐன் பெனல்டியில் வீழ்த்தியது. அரையிறுதியில் எதிரே நின்றது 34 ஆட்டம் தொடர்ந்து வென்று உலகச் சாதனை வைத்திருந்த அல் ஹிலால். அந்த வெற்றித் தொடரை அல் ஐன் 4-2 என்று முறித்தது. மூன்று கோல் மொரோக்கோவின் சுஃபியான் ரஹீமி போட்டவை. இறுதியின் முதல் ஆட்டத்தில் ஜப்பானின் யொகோஹாமாவிடம் 2-1 என்று தோற்று, சொந்த மைதானத்தில் 5-1 என்று வென்றார்கள். அல் ஐன் அந்தக் கிண்ணத்தை அதற்கு முன் எடுத்தது 2003இல். கிரெஸ்போவின் அணி அதை எடுத்த நாள் 2024 மே 25. இஸ்தான்புல்லுக்குப் பிறகு சரியாகப் பத்தொன்பது வருடம், அதே தேதி.

அக்கா மகனுக்கு அல் ஐன் நகரில் ஒரு கடையில் வேலை. அன்றிரவு வாட்ஸ்அப்பில் அவன் குரல் வந்தது. பின்னால் வாகனங்களின் ஹோர்ன் சத்தம். "மாமா, கப்ப நாங்க எடுத்துட்டோம். ஊரே ரோட்டுல நிக்குது" என்றான்.

நாங்க என்றான். இரண்டு வருட ஒப்பந்தத்தில் போயிருக்கிற பையன். அந்த மைதானத்துக்குள் அவன் போனதில்லை. டிக்கெட் கிடைக்கவில்லை, விடுமுறையும் கிடைக்கவில்லை. அந்த நாட்டில் அவனுக்கு நிலையான உரிமை ஒன்றும் இல்லை. ஆனாலும் அவன் வேலை செய்கிற ஊர் அவனுடைய ஊர். அதைச் சொல்ல அவன் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. வேலை செய்த இடத்தில் முழு மனதோடு இருப்பது, அங்கே இருக்கும் வரை அந்த மண்ணின் வெற்றியைத் தன் வெற்றியாக எண்ணுவது, போக வேண்டி வந்தால் கசப்பில்லாமல் போவது. இது ஒரு குணம். நிலைத்து நின்றவரின் விசுவாசத்துக்கு எந்த விதத்திலும் இது குறைந்ததல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன். உடப்பில் பிறந்த எவரும் இதை மறுக்க மாட்டார்கள்.

அல் ஐன் அவரை அதே வருடம் நவம்பரில் நீக்கியது. கிண்ணம் எடுத்து ஆறு மாதம் ஆகவில்லை. 2025 ஜூனில் சாவோ பாலோ மறுபடி அழைத்தது, போனார். அடுத்த மாதம் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. ஆர்ஜென்டீனா ஈன்ற முன்கள வீரர்களில் முதல் ஐவருக்குள் அவரை வைக்காத எந்தப் பட்டியலையும் நான் ஏற்பதில்லை.

இஸ்தான்புல் ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பார்க்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டாம் பாதியில் தொடங்காதீர்கள். முதல் நிமிடத்திலிருந்து பாருங்கள். 44ஆம் நிமிடம் வரும்போது பந்தை விட்டுவிட்டு, மிலானின் பதினோராம் இலக்கச் சட்டையை மட்டும் பாருங்கள்.